அசையாத கோடு

அத்தியாயம் 17

வாயைத் திறப்பதில்லை என்று தம்பியிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஒடீலியா அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவின் கம்பெனியை விற்கக் கூடாது என்று ஒன்றரை மாதம் பிடிவாதமாக நின்றவள், போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து படியிறங்கும்போது தம்பி டுவார்ட்டேயிடம் “சரி, வித்துக்கோ” என்றதைப் பார்த்தோம். அதற்கு அவளுடைய கணவன் கில்பர்ட்தான் காரணம். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தணிந்த குரலில், சலிக்காமல் பேசியே அவளைக் கரைத்திருந்தான்.

சில்வெய்ரா கம்பெனி பெரிதொன்றும் இல்லை. சான் ஹோசேயில் இருபது பேர் வேலை செய்யும் ஒரு கட்டடம். குளிர்பதனக் கிடங்குகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்வார்கள். எந்த அறை எவ்வளவு குளிராக இருக்கிறது, தொட்டியில் குளிரூட்டும் அமோனியா எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்து, வால்வைத் திறந்து மூடி, கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்துவது அந்தப் பெட்டி. அதற்குள்ளே ஓடுகிற இயங்குதளத்தை ஒடீலியா இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு எழுதினாள். வெளியே தெரிகிற திரை டுவார்ட்டேயுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் அதை மாற்றி வடிவமைத்த பிறகுதான் கம்பெனியின் பெயர் வெளியே தெரிந்தது.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. கம்பெனியை வாங்க சிகாகோவிலிருந்து வந்திருந்த மார்லா ட்ராஸ்க் மேசையின் தலைப்பக்கத்தில் இருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். டுவார்ட்டே பேக்கரியிலிருந்து வாங்கி வைத்திருந்த இனிப்பு ரொட்டியை அவர் தொடவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

சுவரில் வாட்சன்வில் கிடங்கின் திரை பெரிதாக விழுந்தது. ஸ்ட்ராபெரி உறையவைக்கும் கிடங்கு. கில்பர்ட் அங்கேதான் மேனேஜர். இந்த விற்பனைக்கு அதைத்தான் மாதிரியாகக் காட்டவேண்டும் என்று அவனே முன்வந்து சொல்லியிருந்தான்.

பச்சைக் கட்டங்கள். மெல்லச் சுழலும் விசிறிகள். ஓரத்தில் விநாடி தவறாமல் ஓடும் கடிகாரம். பார்க்கவே அழகாக இருந்தது. ஒடீலியாகூட அதை மறுக்க மாட்டாள்.

மார்லா பேனாவை மூடினார். தனக்கு ஒரு சந்தேகம் என்றார். ஒப்பந்தத்தில் இயங்குதளம் என்று ஒரு வரியும், திரைக்கு இடைமுகம் என்று இன்னொரு வரியும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன? நான் பார்ப்பது இந்தத் திரையைத்தானே, இதுதானே சிஸ்டம்? எங்களுக்கு இந்தத் திரை போதும், அடியில் இருக்கும் அந்தப் பழைய சரக்கை எடுத்துப்போட்டுவிட்டு எங்களுடையதை வைத்துக்கொள்கிறோமே என்றார்.

அந்தப் பழைய சரக்கு என்ற வார்த்தை மேசையின் குறுக்கே வந்து ஒடீலியாவின் மேல் விழுந்தது. டுவார்ட்டே அக்காவைப் பார்த்தான். கண்ணாலேயே, நீயே சொல்லு, ஆனா சண்டை போடாதே என்றான்.

ஒடீலியா எழுந்து சுவரருகே போனாள்.

“மேடம், நீங்க தங்கியிருக்கிற ஓட்டல்ல லிஃப்ட் பட்டன அமுக்கினா லைட் எரியும்ல? அந்த லைட் உங்க விரல் பட்டுச்சுன்னு மட்டுந்தான் சொல்லுது. லிஃப்ட் வருதுன்னு சொல்லல. வர்றது போறதெல்லாம் கம்பியும் மோட்டாரும் பாத்துக்கிற விஷயம்.”

“அப்ப இது வெறும் லைட்டா?” என்றார் மார்லா, சுவரைக் காட்டி.

“லைட்டும் வேணும் மேடம். அது இல்லன்னா மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா இது கேட்டுச் சொல்ற ஆள். செய்ற ஆள் கீழ இருக்கு. கீழ இருக்கிறவன் சொல்றததான் இது சொல்லணும். இப்ப பாருங்க, இந்த அறையோட கோடு…”

கை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்றாம் அறையின் வெப்பநிலைக் கோடு மைனஸ் பத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நேராக. நூல் பிடித்த மாதிரி.

ஜூன் மாதத்துப் புதன்கிழமைக் காலையில் அந்தக் கோடு அப்படி இருக்க வழியே இல்லை. லாரிகள் வந்து நிற்கும் நேரம். கதவு திறந்து திறந்து மூடும். ஒவ்வொரு தடவையும் எண் அரைப் பாகையாவது ஏறி இறங்கும். இருபத்திரண்டு வருடமாக அந்த நடுக்கத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழக்கம். கோட்டைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். எட்டு மணி ஐம்பத்திரண்டு வரை நடுங்கியிருந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை. ஐம்பது நிமிடமாகப் போகிறது.

டுவார்ட்டே நிலைமையைச் சமாளிக்க, பாத்தீங்களா மேடம், எங்க கன்ட்ரோல் அவ்வளவு துல்லியம் என்று சிரித்தான். மார்லாவும் சிரித்தார். ஒடீலியா அறையைவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

தன் மேசைக்கு ஓடி, கணினியில் பழைய கறுப்புச் சன்னலைத் திறந்தாள். படமும் நிறமும் இல்லாத, வெறும் எழுத்து மட்டும் தெரிகிற சன்னல். வாட்சன்வில் பெட்டியின் பெயரைத் தட்டிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தடவை. மூன்றாம் தடவையும் வெறுமைதான் வந்தது.

கீழே இருப்பது நின்றுபோயிருக்கிறது. மேலே இருக்கும் திரை அதைச் சொல்லாமல், கடைசியாகக் காதில் விழுந்த எண்ணையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. கடிகாரம் திரையினுடைய சொந்தக் கடிகாரம், அது ஓடத்தான் செய்யும். விசிறி வெறும் படம். டுவார்ட்டே அதைச் சுழலும்படி வரைந்திருந்தான், அவ்வளவுதான்.

பெட்டி நிற்கும்போது எந்த வால்வு திறந்திருந்ததோ அது திறந்தபடியே இருக்கும். தொட்டியில் அமோனியா ஏறிக்கொண்டே போகும். ஏறுகிறது என்று கத்த வேண்டிய அலாரமும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகவேண்டும்.

கில்பர்ட்டைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“என்ன டீலியா, கூட்டம் முடிஞ்சுதா? என்ன சொல்றாங்க சிகாகோக்காரங்க?”

“கில்பர்ட், மெஷின் ரூமுக்குப் போ. தொட்டி பக்கத்துல கண்ணாடிக் குழாய் இருக்குல்ல, அதுல எவ்வளவு உயரம்னு பாத்துச் சொல்லு.”

“எதுக்கு? ஸ்க்ரீன் என் முன்னாடிதான் இருக்கு. எல்லாம் பச்சை.”

“அது இப்ப நடக்கிறதச் சொல்லல. எட்டு அம்பத்திரண்டோட நின்னு போச்சு. கீழ சிஸ்டம் செத்துக் கெடக்கு.”

மறுமுனையில் பேச்சில்லை. பின்னால் லாரி ஒன்று பின்வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தை அவள் எரிச்சல் என்று எடுத்துக்கொண்டாள்.

“சரி. பாத்துட்டுக் கூப்பிடுறேன். நீ இதப் போயி அங்க யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காத” என்று வைத்துவிட்டான்.

நாலு நிமிடம் காத்திருந்தாள். அவன் கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. மெஷின் ரூம் சுவரில் ஒரு பழைய தொலைபேசி உண்டு. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். வெகுநேரம் மணியடித்த பிறகு சபினோ எடுத்தான். பதினோரு வருடமாக அங்கே கம்ப்ரஸர்களைப் பார்த்துக்கொள்கிறவன்.

“சபினோ, ஒடீலியா பேசுறேன். கில்பர்ட் அங்க வந்தாரா?”

“இல்லீங்க மேடம். யாரும் வரல. நானே ஆபீசுக்குப் போன் போடலாம்னு இருந்தேன். ரெண்டாம் கம்ப்ரஸர் தட்டுது. உள்ள யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரி. ஸ்க்ரீன்ல ஒண்ணும் காட்டல.”

“ஸ்க்ரீன விடு. கண்ணாடிக் குழாயப் பாரு.”

ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனான். அந்தத் தட்டல் இப்போது அவளுக்கே கேட்டது. கனமாக, ஒழுங்கில்லாமல் வந்தது. திரவம் ஏறி ஏறி, வாயு மட்டுமே போகவேண்டிய கம்ப்ரஸருக்குள் புகுந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

சபினோ திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. “மேடம், குழாய் நெறஞ்சிருக்கு. மேல எங்க முடியுதுன்னே தெரியல.”

“கதவுக்கு வெளிய சிவப்புப் பட்டன் இருக்கு. அடிச்சுட்டு ஓடு.”

“மேனேஜர கேக்காமயா? ரெண்டு லாரி சரக்கு உள்ள இருக்கு.”

“நான் சொல்றேன். என் பேரச் சொல்லிக்கோ. அது எந்த சிஸ்டத்தையும் கேக்காது சபினோ, நேரா கரண்ட அறுத்துடும். போ.”

ரிசீவர் தொங்கி ஆடிச் சுவரில் இடித்தது. காலடிகள். பிறகு தட்டல் நின்றது. அப்பாடா என்று மூச்சுவிடப் போனாள். அதற்குள் இரும்பு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். அதன் பின்னாலேயே சீறல். அந்தச் சீறல் நிற்கவே இல்லை. இவள் சபினோ, சபினோ என்று கூப்பிட்டபடி இருந்தாள். எங்கேயோ தொலைவில் விசில் ஊதினார்கள். பெண்களின் குரல்கள் கேட்டன. இணைப்பு அறுபடவும் இல்லை, யாரும் வந்து எடுக்கவும் இல்லை.

தீயணைப்புக்குத் தகவல் சொல்லிவிட்டு அவள் கூட்ட அறைக்குள் நுழைந்தபோது சுவரில் எல்லாம் பச்சையாகவே இருந்தது. மைனஸ் பத்து. விசிறிகள் சுழன்றன. டுவார்ட்டே நிறங்களை எப்படித் தேர்ந்தெடுத்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

வாட்சன்வில்லில் அமோனியா வெளியேறிவிட்டது என்றாள் ஒடீலியா. ஒரே வாக்கியம். டுவார்ட்டே அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். மார்லாதான் முதலில் பேசினார். இதே திரை இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

“அறுபத்தொண்ணு” என்றான் டுவார்ட்டே.

வாட்சன்வில்லுக்குக் கிளம்புமுன் ஒடீலியா அந்த அறுபத்தொரு இடங்களையும் தாளில் அச்செடுத்து அலுவலகத்தில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாள். கூப்பிடுங்கள், திரையை நம்பாமல் ஒரு ஆளை நேரில் அனுப்பிக் கண்ணாடிக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள், பார்த்துவிட்டேன் என்று அந்த ஆள் வாயால் சொல்லும்வரை விடாதீர்கள் என்றாள். மார்லா தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, எனக்கும் பத்து எண் கொடு என்று கையை நீட்டினார்.

மலைப்பாதையில் ஒடீலியாதான் காரை ஓட்டினாள். வளைவுகளில்கூட அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. டுவார்ட்டே கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி தொலைபேசியில் விவரம் கேட்டுக்கொண்டே வந்தான்.

பழம் பொறுக்கும் வரிசையில் இருந்த இருபத்தாறு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். காற்று கடல் பக்கமிருந்து அடித்ததால் எல்லோரையும் காற்றுக்கு எதிராக மேற்கே வயலுக்குள் நடத்திக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று பேருக்குக் கண் எரிச்சல். சபினோ மட்டும் வரவில்லை. பட்டனை அடித்தவன் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தொட்டியின் பெரிய கைவால்வை மூட உள்ளே திரும்பிப் போயிருக்கிறான். மூடியும் இருக்கிறான். தீயணைப்புக்காரர்கள் வால்வுக்கு நாலடி தள்ளி அவனைக் கண்டெடுத்தார்கள். உயிர் இருந்தது.

“அத்தான்?” என்று கேட்டான் டுவார்ட்டே போனில். பதிலைக் கேட்டுவிட்டு, “அத்தானுக்கு ஒண்ணுமில்லக்கா. ஆபீஸ்ல இருந்தாராம்” என்றான்.

ஒடீலியா தலையசைத்தாள். ஆபீஸ் என்ற சொல் அவளுக்குள் எங்கோ உறுத்தியது. மெஷின் ரூமைப் பார்க்கப் போகிறேன் என்றுதானே சொன்னான்? ஆனால் அப்போது கேட்க வேண்டியது வேறு இருந்தது.

“டுவார்ட்டே, கீழ இருந்து பதில் வரலன்னா ஸ்க்ரீன் என்ன பண்ணணும்?”

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“கேக்குறேன்ல.”

“அஞ்சு விநாடி பழைய எண்ண வச்சிருக்கும். அதுக்கு மேல போனா சாம்பல் நிறமாயிடும். அப்படித்தான் எழுதினேன். சும்மா சும்மா வெறுமையா ஆகுதுன்னு எல்லாரும் போன் பண்ணாங்கக்கா. அதுக்காக அஞ்சு விநாடி. அவ்வளவுதான்.”

“இன்னிக்கு சாம்பலாகல.”

“ஆகல.”

“ஏன்?”

இரண்டு வளைவுகள் தாண்டியதும், அந்த ஐந்து விநாடிக் கணக்கை எடுத்துவிட்டேன் என்றான். வாட்சன்வில்லில் மட்டும். வேறெங்கும் இல்லை. இதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. மற்ற அறுபத்தொரு இடங்களுக்கும் ஆபத்தில்லை என்ற நிம்மதி.

ஒடீலியா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவனைத் திட்டினாள். சிறுவயதிலிருந்து திட்டாத வார்த்தைகளில் திட்டினாள். உன் திரையின் அழகுக்காக ஒருத்தன் நுரையீரலைக் கொடுத்துவிட்டான், அப்பா இருந்தால் உன்னைக் கம்பெனி வாசப்படி மிதிக்க விடமாட்டார் என்றாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, “எல்லாத்தையும் நானே வாங்கிக்கிறேன்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் பேசுவோம்” என்றான்.

அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று இடித்தது. டுவார்ட்டே பழியை வாங்கிக்கொள்ளும் ஆளே இல்லை. பத்து வயதில் உடைத்த கண்ணாடிக்கே இன்றுவரை பூனையைத்தான் சொல்கிறவன்.

ஆஸ்பத்திரியில் சபினோவைக் கண்ணாடிக்கு அப்பால் காட்டினார்கள். தொண்டையில் குழாய் இறக்கியிருந்தது. மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறோம், நாளை மறுநாள் எழுப்பிப் பார்ப்போம், அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்றாள் நர்ஸ். அவன் மனைவி நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவனுடைய பூட்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார்கள். ஒடீலியா அவள் முன்னால் குனிந்து, பட்டனை அடிக்கச் சொன்னது நான்தான் என்றாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் ஒடீலியா தம்பியை நிறுத்தினாள்.

“யார் சொல்லி எடுத்த?”

“அக்கா, விடு.”

“யார் சொன்னது டுவார்ட்டே?”

அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, பழைய செய்தி ஒன்றைத் தேடி, அவள் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி விலகி நின்றுகொண்டான்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி. கில்பர்ட் அனுப்பியது.

‘அந்த அஞ்சு விநாடி வேண்டாம். கீழேயிருந்து பதில் வர்றவரைக்கும் பழைய எண்ணே நிக்கட்டும். சிகாகோக்காரங்க எப்ப வேணா திறந்து பாப்பாங்க, சாம்பல் நிறம் தெரியக் கூடாது. டீலியாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நீ சொல்லாத.’

அவள் இரண்டாம் முறை படித்தாள். சிகாகோக்காரர்களுக்குக் கம்பெனியை விற்கலாம் என்ற பேச்சை டுவார்ட்டே வீட்டில் முதன்முதலாக எடுத்ததே ஏப்ரல் மாதக் கடைசியில்தான். இந்தச் செய்தி அதற்கு இரண்டு வாரம் முந்தியது.

“அத்தான்தான் அந்த சிகாகோக்காரங்கள எனக்குக் காட்டிவிட்டார்க்கா. உன்கிட்ட நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லச் சொன்னார்” என்றான் டுவார்ட்டே, அவள் கேட்காமலே.

சாம்பல் நிறம் தெரியக் கூடாது என்றால், ஏப்ரல் ஒன்பதுக்கு முன்பே அது தெரிந்திருக்க வேண்டும். வாட்சன்வில்லில் கீழே இருப்பது இதற்கு முன்னாலும் நின்றிருக்க வேண்டும். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நிற்கிற சிஸ்டத்தைச் சரிசெய்ய உலகத்தில் ஒரே ஆள் அவள்தான். அந்த ஆள் அவனுடைய வீட்டில், அவனுக்கு எதிர் நாற்காலியில் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டடத்தின் மூலையைத் திரும்பி கில்பர்ட் வந்தான். இரண்டு கையிலும் காப்பிக் கோப்பைகள். சட்டை கசங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுடைய கண்கள் கனிந்தன. இருபது வருடமாக அவள் நம்பி வந்த கனிவு.

ஒரு கோப்பையை அவளிடம் நீட்டினான். இருபத்தாறு பேரும் தப்பித்தது கடவுள் புண்ணியம் என்றான். உன்னைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது என்றான். டுவார்ட்டேயின் தோளில் தட்டிக்கொடுத்தான். டுவார்ட்டே நகர்ந்துகொண்டான்.

ஒடீலியா காப்பியை வாங்கிக்கொண்டாள். போனை ஏற்கெனவே தன் பைக்குள் போட்டுவிட்டிருந்தாள். கத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவள் குரல் தணிந்தே வந்தது.

“கில்பர்ட், இதுக்கு முன்னாடி அது எத்தன தடவ நின்னுது?”

அவன் ஒரு வாய் குடித்தான். கோப்பையின் மூடியைச் சரிசெய்தான். ஆஸ்பத்திரி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அதே கனிந்த குரலில் அவளிடம் திருப்பிக் கேட்டான்.

“சபினோ ஏதாவது பேசினானா?”